ஈர்க்குக் கட்டை அவிழ்க்கலாமோ?

தரம் 3 பிள்ளைகளிடம் 43 இலிருந்து 17 ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பலர் 34 என்று எழுதுவார்கள். 3 இலிருந்து 7 போகாது, ஆகவே 7 இலிருந்து 3 ஐ எடுத்துவிடுகிறார்கள். "பக்கத்தில கடன் வாங்கு" என்று நானும் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்தேன். பிடிபடவில்லை.

இந்த முறை தென்னோலையில் ஈர்க்கு வார்ந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனேன். நாலு கட்டு, மூன்று தனி ஈர்க்கு. இதிலிருந்து 17 ஐ எடுத்துத் தாருங்கள் என்றேன்.

ஒரு பிள்ளை மூன்று ஈர்க்கையும் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. கட்டைத் தூக்கினாள், வைத்தாள், திரும்பத் தூக்கினாள். "ரீச்சர், இதை அவிழ்க்கலாமோ?"

அவ்வளவுதான். மிச்சம் இரண்டு கட்டும் ஆறு ஈர்க்கும். 26!

கேள்வி கேட்டுவிட்டு நாங்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை. மூன்று விநாடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீளும், கூடுதலான பிள்ளைகள் பேசுவார்கள் என்று அமெரிக்காவின் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைகளில் ஆராய்ந்து காட்டினார். எனக்கு இன்னும் கஷ்டமான வேலை இந்தப் பொறுமைதான்.

சில பெற்றோர், கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பயம், விளங்குகிறது. பிள்ளையிடமே நாலு ஈர்க்கைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நாளைக்குப் புளியங்கொட்டையோடு பெருக்கல்.