'சுற்றுலா' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) கூட்டிப்போய் வந்து நான்கு நாளாகிறது. அனுமதிக்கு அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

சிக்ரி பக்கம் ஒரு சிக்கலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போய் விஞ்ஞானிகளோடு பேசத்தானே, சிக்ரியை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) 2017இல் ஜிக்யாசா திட்டத்தையே தொடங்கியது? மின்னஞ்சல் போட்டேன், தேதி வந்துவிட்டது. இழுத்தடித்தது நம் கல்வி அலுவலகம்தான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறிப் போனால், எழுத்தர் கடிதத்தில் ஒரு சொல்லில் விரலை வைத்தார். "கல்விச் சுற்றுலான்னு போட்டிருக்கீங்களே டீச்சர், அது வேற பைலு." 'களப்பயணம்' என்று மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். பெற்றோர் சம்மதக் கடிதம் எங்கே என்றார். முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்றால், "நீங்க கேக்கலையே." மூன்றாம் தடவை எல்லாம் சரி, அவர் லீவு.

அதனால் சொல்கிறேன்: மாணவர் பட்டியல், சம்மதக் கடிதங்கள், வேனின் எஃப்.சி., இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்காமல் படி இறங்காதீர்கள். என் கடிதம் 'வரவேயில்லை' என்று ஆனபோது காப்பாற்றியது அந்தச் சீல்தான்.

நான் செய்த தப்பும் உண்டு. பிள்ளைகள் திணறக்கூடாதே என்று கேள்விகளை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். "நானோ தொழில்நுட்பத்தின் பயன்கள் யாவை?" என்று ஒருத்தி ஒப்பித்தாள். அந்த விஞ்ஞானி சிரித்துக்கொண்டே, "தாளை மடிச்சு வைங்கப்பா, வீட்ல பாத்ததக் கேளுங்க" என்றார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி வரிசைப் பையன் எழுந்தான். "எங்கப்பா ஆட்டோ பேட்டரிக்குக் காசு குடுத்து தண்ணி வாங்கி ஊத்துறாரு. போர் தண்ணிய ஊத்துனா என்ன சார்?"

மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சார்ஜ் ஏறும்போது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குறைவது, போர் தண்ணீரின் உப்பு மட்டும் உள்ளேயே தங்கி ஈயத் தகடுகளைக் கெடுப்பது என்று அரைமணி நேரம் ஓடியது. அதன்பின் கேள்விகளை நிறுத்தத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

திரும்பும்போது திருப்பத்தூரில் டீக்கு நிறுத்தினோம். பையன் டிரைவரைப் பிடித்து வேன் பேட்டரியைக் காட்டச் சொன்னான். அதில் தண்ணீர் ஊற்ற மூடியே இல்லை.

"அப்ப இதுல தண்ணி குறையாதா டீச்சர்?"

சிக்ரிக்கு இன்னொரு மின்னஞ்சல் போடவேண்டும்.