ஒயின் தேர்வு: நாகர்கோவிலில் இருந்து எப்படித் தயாராவது?

கப்பலிலோ வளைகுடா ஓட்டலிலோ வேலைக்குப் போக நினைக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் டபிள்யூ.எஸ்.இ.டி. முதல் நிலை ஒயின் தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள். 1969-ல் லண்டனில் தொடங்கிய ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்துவது. 45 நிமிடத்தில் 30 கேள்வி, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. 70 சதவீதம், அதாவது 21 சரியாக இருந்தால் பாஸ். ருசி பார்த்து எழுதும் பரீட்சை மூன்றாம் நிலையில்தான் வரும்.

ஆகவே பரீட்சைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயம் வருவது, வகுப்பில் கிளாஸைக் கையில் கொடுத்து "என்ன தெரிகிறது?" என்று கேட்கும்போதுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் இனிப்பு ஒயினை மட்டுமே அறிந்த நாக்குக்கு, இனிப்பே இல்லாத டிரை ஒயின் வெறும் புளிப்பும் துவர்ப்புமாகத்தான் இருக்கும்.

அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் பாடமே. வாசனையை அப்புறம் பார்க்கலாம். கன்னத்து ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? அது அமிலம். ஈறு வறண்டு இழுத்துப் பிடிக்கிறதா? அது டானின், கருந்திராட்சையின் தோலில் இருந்து வருவது. இதைப் பழக பாட்டில் வாங்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீர் ஒரு வாய், நன்றாகக் கொதித்த சீனி போடாத கட்டன் சாயா ஒரு வாய், மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். கொல்லாம்பழக் காலமென்றால் ஒரு கடியிலேயே டானின் விளங்கிவிடும். இது பிடிபட்டால், சாவிஞான் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் அமிலம் அதிகம், சிவப்பு ஒயின்களில் கேபர்னே சாவிஞானில் டானின் அதிகம், பினோ நுவாரில் டானின் குறைவு என்பதையெல்லாம் உருப்போட வேண்டியதில்லை.

மூக்குப் பயிற்சிக்கு வடசேரி சந்தை போதும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் நல்லமிளகு வாசம் கற்பனையல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. புது ஓக் மரப் பீப்பாயில் கிடந்த ஒயினில் கிராம்பு வாசம் வருவது யூஜெனாலால். மாறாமலைக் கிராம்பில் மணப்பதும் அதுவே. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது டப்பாவைத் திறந்து நீட்டச் சொல்லுங்கள். எனக்கு அம்மா நீட்டினார்கள். ஜாதிக்காய்க்குப் பின்னால் உடனே ஜாதிபத்திரியை நீட்டித் திணறடித்தார்கள். பிளாக்கரன்ட், ராஸ்பெர்ரி போன்றவற்றுக்கு ஜாம் பாட்டில் வாங்கி மோந்து பழகுங்கள்.

உணவுப் பொருத்தம் மதிப்பெண் அள்ளித்தரும் பகுதி. உப்பும் புளியும் ஒயினை மென்மையாக்கும். இனிப்புப் பலகாரம் அதைப் புளிப்பாகவும் கசப்பாகவும் காட்டும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். அதனால் நம் மீன்குழம்புக்கு ஆல்கஹால் குறைந்த, லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வெள்ளை ஒயினையே நான் சொல்வேன்.

வெப்பநிலையையும் விடாதீர்கள். கனமான சிவப்பு ஒயினுக்கு 15 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறையில் அது கிடைக்காது. ஊற்றும் முன் அரைமணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

வகுப்பில் ருசி பார்த்ததும் தயங்காமல் துப்பிவிடுங்கள். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது கிளாஸில் அமிலம் எது, டானின் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.