மூன்று சுழி ண வழிக்கு வந்தது

கூப்பர் பிளாக் என்ற தடித்த ஆங்கில எழுத்துருவின் சாயலில் தமிழ் எழுத்துரு வரையும் வேலையில் எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மூன்று சுழி ண ஒருவழியாகப் படிந்துவிட்டது. ட, ப, ம எல்லாம் சமர்த்தாக வந்த எழுத்துகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கூப்பர் பிளாக்கின் அழகே அந்தக் கொழுகொழு உடம்புதான். கூர்மையான மூலையே கிடையாது, உள்ளே இருக்கும் வெள்ளையும் கொஞ்சூண்டு. 1922இல் இது வெளிவந்தபோது, தூரப்பார்வை உள்ள அச்சகத்தாருக்கும் கிட்டப்பார்வை உள்ள அவர்களுடைய வாடிக்கையாளருக்கும் ஏற்றது என்று இதை வரைந்த சிகாகோக்காரரான ஆஸ்வால்ட் கூப்பரே கிண்டலடித்தாராம். எழுபதுகளின் டி-சர்ட்டில் தொடங்கி ஈசிஜெட் விமானம் வரை ஏறிவிட்டது. ஆனால் அவருக்கு ண வரைய வேண்டிய தலையெழுத்து இல்லையே!

ஒவ்வோர் எழுத்தையும் வரையும் ஆயிரம் அலகு உயரச் சட்டத்தில் என் நிமிர்ந்த கோடுகளின் தடிமன் 180. ண-வின் எல்லாக் கோடுகளுக்கும் அதையே கொடுத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அகலத்தைக் கூட்டினால் பக்கத்தில் நிற்கும் அ நோஞ்சானாகத் தெரியும். கடைசியில் உள்கோடுகளை மட்டும் 135க்கு இறக்கினேன், மேல் வளைவுகளைத் தொடவில்லை. கண் அந்த மேல்பக்கக் கறுப்பைத்தான் பார்க்கிறது, உள்ளே மெலிந்தது தெரியவே இல்லை. அப்புறம் கூப்பரின் ஆங்கில 'O'வில் உள்வெள்ளை பின்பக்கம் சாய்ந்திருக்குமே, அதே சாய்வை மூன்று சுழிக்கும் கொடுத்தேன். அவ்வளவுதான், எழுத்துக்குக் குறும்பு வந்துவிட்டது. மெய்ப்புள்ளியையும் வட்டமாக விடாமல் சாய்ந்த நீள்வட்டமாக வைத்தேன். 'அண்ணன்' என்று தட்டிப் பார்த்தால், சொந்த வேலையைச் சொல்லக் கூடாது, பிரமாதம். எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் கோடுகளை ஒன்றுசேர்க்கும்போது முளைக்கும் உதிரிப் புள்ளிகளைப் பொறுக்குவதுதான் இன்னமும் எரிச்சல்.

பெயர்ப்பலகைக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்துப் பார்த்தேன். அங்கே கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள், யூனிகோட் எழுத்துரு என்றால் கையை விரிக்கிறார்கள். சரி என்று எழுத்துகளை வெறும் வளைவுகளாக மாற்றிக் கொடுத்தேன். டி-சர்ட் ஸ்கிரீன் பிரிண்டுக்குத் தனியாக ஒரு வடிவம் வேண்டும். துணியில் மை பரவி முதல் சுழியை முழுங்கிவிடுகிறது. அதற்குச் சுழியை மட்டும் கூடுதலாகத் திறந்துவைக்க வேண்டியிருக்கிறது.

உகர ஊகார வரிசையில் பாதி இன்னும் பாக்கி. அதற்குள் மனம் பழைய லை, ணை, னை பக்கம் ஓடுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நின்றவை. பழைய பாணி என்று சொல்லிக்கொண்டு அவற்றை விட முடியுமா? மாற்று வடிவங்களாக உள்ளே வைத்துவிடலாம், வேண்டியவர்கள் தட்டி எடுத்துக்கொள்ளட்டும். லை-க்கு இப்போதே பென்சிலில் கிறுக்கியாயிற்று. தும்பிக்கை 180 தடிமனில் மேல்வரியை இடிக்கிறது.