கானரி தீவுகளுக்குக் கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

ஸ்பெயினின் கானரி தீவுகளுக்கு பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவே போதும். தெனெரீஃப் தீவில் தெய்தே எரிமலை, 3,715 மீட்டர். கேபிள் கார் 2,356-லிருந்து 3,555 மீட்டருக்கு எட்டே நிமிடத்தில் ஏற்றிவிடும். ஏலகிரி உயரம் பழகிய உடம்புக்கு அங்கே மூச்சு வாங்கும், தலை சுற்றும். மேலே காரிலிருந்து இறங்கியதும் மளமளவென்று நடக்காதீர்கள். நம்மூர் வெயிலை நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், மேலே காற்று குளிரும். உச்சி வரை நடக்கத் தனி அனுமதி வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

என்னைக் கேட்டால் லான்சரோத்தே தீவுதான் அழகு. 1730 முதல் 1736 வரை எரிமலைக் குழம்பு ஓடிய திமான்ஃபாயாவைப் பார்த்துவிட்டு, லா ஹேரியா திராட்சைத் தோட்டங்களுக்கு அவசியம் போங்கள். கருஞ்சாம்பலில் குழி பறித்து, குழிக்கு ஒரு திராட்சைக்கொடி, காற்றடிக்கும் பக்கம் அரைவட்டக் கல்சுவர். சாம்பல் இரவுப் பனியை உறிஞ்சி, அடிமண் ஈரத்தைக் காக்கிறது. மழை குறைந்த ஊரின் விவசாயம். நம் பக்கத்து விவசாயிகள் பார்க்க வேண்டியது.

குளிக்க அதே தீவின் பாப்பகாயோ கடற்கரை. ஃபுவெர்தெவெந்தூரா தீவின் கோஃபெத்தே கடற்கரையில் கடலில் இறங்கவே வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். அதற்குப் போவது மண்பாதை. வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் அதில் செல்லாது.