அக்னி நட்சத்திரத்தில் 3664

மே 9, 2024, வியாழன்

ஏழரை மணிக்கே மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் தளத்திலிருந்து எழும் அனலில் சூரியனின் விளிம்பே நெளியத் தொடங்கிவிடும் என்பதால், இந்த அக்னி நட்சத்திர நாட்களில் படமெடுக்கும் வேலையை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 80 மி.மீ. முகப்பு லென்ஸின் மேல், ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் வடிகட்டித் தாளை மாட்டி, காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டிய பிறகே குழாயைத் திருப்பினேன். கண் வைக்கும் முனையில் திருகும் பழைய கறுப்புக் கண்ணாடிகளை நான் தொடுவதே இல்லை. குவிந்த வெப்பத்தில் அவை விரிசல் விடும்.

3664 என்று எண்ணிடப்பட்ட சூரியக் கரும்புள்ளிக் கூட்டம், கிரகணக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு பார்த்தாலே தெரிகிறது. அதன் நீளத்தில் சுமார் பதினைந்து பூமிகளை வரிசையாக அடுக்கலாம்.

மே 10, வெள்ளி

குழாயின் குவியத் தூரம் 600 மி.மீ.; அதில் விழும் சூரிய பிம்பமோ ஐந்தரை மி.மீ.தான். ஆகவே பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸைச் சேர்த்துப் புள்ளிக்கூட்டத்தை மட்டும் காணொளியாகப் பதிவு செய்து, காற்று அசையாத கணங்களில் விழுந்த ஃபிரேம்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளால் பொறுக்கி அடுக்கினேன். ஃபோகஸைச் சூரிய விளிம்பில் பார்ப்பதைவிடப் புள்ளியின் ஓரத்தில் பார்ப்பதே எனக்குச் சரிப்படுகிறது. அடுக்கிய படத்தில், புள்ளியின் கரிய நடுப்பகுதியான கருநிழலைச் சுற்றிய மங்கலான புறநிழல் மயிரிழை மயிரிழையாக வெளிநோக்கிப் பிரிந்து நின்றது. அந்த இழைகளின் வழியே வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது நம் கொடைக்கானலில் என்பதால், இந்தப் படத்தின் மேல் எனக்குச் சற்றுக் கூடுதலான உரிமை உணர்வு!

மே 11, சனி

2003 அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக, ஐந்தாம் நிலைப் புவிகாந்தப் புயல்; அளவுகோலின் உச்ச நிலை அது. இந்தக் கூட்டத்தின் வெடிப்புகள் வீசியெறிந்த பொருள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியதன் விளைவு. லடாக்கின் ஹன்லேயில் இரவு வானம் சிவந்ததாகச் செய்தி. இன்று காலை 6.53-க்கு எக்ஸ் 5.8 அளவிலான (எக்ஸ் என்பதே மிக வலுவான வகை) வெடிப்பும் இதே கூட்டத்திலிருந்துதான். ஆனால் எல்லா நிற ஒளியையும் சேர்த்தே விடும் என் வெள்ளொளி வடிகட்டியில் இவ்வெடிப்புகள் பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஹைட்ரஜன் உமிழும் ஒரு சிவப்பு நிறத்தை மட்டும் பிரித்துக் காட்டும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா கருவி வேண்டும், அதன் விலைக்கு இந்தத் தொலைநோக்கியைப் போல் இன்னும் சிலவற்றை வாங்கிவிடலாம். 1859-இல் ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் வெள்ளொளியிலேயே வெடிப்பைக் கண்டது அபூர்வமான நிகழ்வு.

மே 12, ஞாயிறு

மேகம்.

மே 13, திங்கள்

கூட்டம் மேற்கு விளிம்பை நெருங்கி, பக்கவாட்டில் ஒடுங்கிக் கோடாகிவிட்டது. சூரிய வட்டின் நடுவில் புலப்படாத வெண்திட்டுகள், விளிம்பின் மங்கலான பின்னணியில் புள்ளிகளைச் சுற்றித் துலக்கமாகத் தெரிந்தன. அவற்றுக்காகக் கேமராவில் ஒளி விழும் நேரத்தைக் கூட்டினால் வட்டின் நடுப்பகுதி வெளுத்துவிடும். எனவே விளிம்பைத் தனியாக எடுத்தேன். சூரியன் தன்னைத்தானே சுற்றும் கணக்குப்படி, புள்ளிகள் கலையாமலிருந்தால் இம்மாதக் கடைசியில் கிழக்கு விளிம்பில் தலைகாட்ட வேண்டும். அதற்குள் வடிகட்டித் தாளில் ஊசித்துளை ஏதும் விழுந்திருக்கிறதா என்று விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.