தண்ணி வற்றினால்தான் தெரிகிற மஸ்கெலியா

இலங்கை மலையகத்து அட்டனில் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோவில் ஏறியது முழுக்க என் பிழை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், தோளில் கேமரா பை. சாரதிக்கு வேறென்ன வேண்டும்? மலையடிவாரத்து நல்லதண்ணி வரைக்குமான காசைச் சொன்னார். நான் மஸ்கெலியாவிலேயே இறங்குகிறேன் என்றேன். "அதுக்கும் அதேதான் தம்பி, திரும்பி வெறும் வண்டியாத்தானே வரணும்" என்றார். நோர்வூட் தாண்டும்வரை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இரவு ரூமுக்கு வைத்திருந்த காசில் பாதி போய்விட்டது.

சரி, நான் பார்க்கப் போன மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு வருவோம். மஸ்கெலி ஓயா ஆற்றை மறித்து 1960களின் கடைசியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே தண்ணிக்குள் போனது. இப்போதிருக்கிற டவுன் அதற்குப் பிறகு வந்தது. மழையில்லாத மாதங்களில், மின்சாரத்துக்கும் தண்ணியை எடுக்க எடுக்க, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும். நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்போது வந்து படமெடுப்பவர்களை எனக்கு விளங்கவே இல்லை. நிரம்பிய தண்ணி எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கரையெல்லாம் படிப்படியாகக் கோடு. தண்ணி ஒவ்வொரு நாளும் இறங்கிய அடையாளம். கோயில் சுவரில் கை வைத்தேன், காய்ந்த சேறு மாவாக உதிர்ந்தது. செங்கல் இடுக்கில் ஒரு நத்தை ஓடு.

முதல் இருபது படமும் வீண். வெளிறிய சேற்றைப் பார்த்துவிட்டு கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிட்டது. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது ஒரு படி, கூட்டியதும்தான் சேறு சேறாக வந்தது. தண்ணியில் விழும் பிம்பத்தைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டரையும் கழற்றிவிட்டேன். மிச்சமிருந்த தண்ணியில் மலையின் பிம்பம் விழுந்திருந்தது, அதை அழிக்க எனக்கென்ன பைத்தியமா?

அப்புறம் டவுனில் சுடச்சுட ரொட்டி, உறைப்பான கட்டச் சம்பல், பிளேன்டீ. கண்ணில் தண்ணி வந்தது, ஆனாலும் இன்னொரு ரொட்டி கேட்டேன். ஆட்டோக் காசோடு பார்த்தால் அது இனாம்.

பின்னேரம் மறுபடி இறங்கினேன். கரையில் நின்ற ஐயா ஒருவர், "அந்தா, அதுதான் பழைய ரோடு" என்று ஒரு மேட்டைக் காட்டினார். அது நேராகத் தண்ணிக்குள் போனது. நானும் அதன் வழியே போனேன், மேலே காய்ந்திருந்தது, கீழே களி. முழங்கால்வரை புதைந்து, ஐயா கைகொடுத்து இழுத்தார். கேமரா தப்பியது. வலது கால் செருப்பு வரவில்லை. மழை பிடித்தால் அதுவும் பழைய டவுனோடு போய்விடும்.