நாலு மணிப் பக்கம் ஓடிய குண்டுகள்

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் வேலை சரியாக வரும் என்று நம்பியே பிழைப்பு ஓடுகிறது. இலக்குச் சுடும் விளையாட்டுக்காக எடுத்த பாயின்ட் 22 ரைஃபிளையும் அப்படித்தான் நினைத்தேன்.

20 ஜூல் வேகச் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளைப் போல இதைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது, லைசென்ஸ் வேண்டும். அதனால் கிளப்பில் உள்ள பழைய அன்ஷூட்ஸ் கம்பெனி ரைஃபிள்தான் எனக்கும். சொந்தக் காசில் வாங்கியது ஜாக்கெட், கையுறை, ரைஃபிளைக் கையோடு இறுக்கித் தாங்குகிற ஸ்லிங் என்ற வார். ஜாக்கெட்டை விட ஸ்லிங்தான் படுத்தியது. புஜத்தில் மாட்டிய இடம் ஒத்துவராமல், நாடித் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் குழல் முனையில் குறிபார்க்கிற முன்சைட் வளையம் குதித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அடங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்.

அப்புறம் தோட்டா. ஒரே கம்பெனி, ஒரே பெயர், டப்பாவில் லாட் எண், அதாவது தயாரித்த தொகுதியின் எண், மட்டும் வேறு. மணல் மூட்டையில் வைத்து 50 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டு, பட்டறை வெர்னியரால் அளந்தேன். ஒரு லாட்டின் குரூப், அதாவது பத்துக் குண்டும் சிதறிய அகலம், 17 மி.மீ., இன்னொன்று 26. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல லாட்டின் எண்ணைக் குறித்துவைத்தேன்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் குண்டெல்லாம் நாலு மணிப் பக்கம், இலக்கைக் கடிகார முகமாக நினைத்தால் வலப்பக்கம் கீழே, போனபோது எனக்குக் காற்று ஞாபகமே வரவில்லை. வலது கைக்காரன் டிரிகரை வெடுக்கென்று இழுத்தாலும் அந்தப் பக்கம்தான் போகும். அதனால் விரலைத் திட்டிக்கொண்டே இரண்டு வாரம் வெறும் டிரிகர் பயிற்சி. தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கிற ரிம்ஃபயரில், உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அறை விளிம்பு அடிபடலாம் என்பதால் காலித் தோட்டா போட்டுத்தான்.

கடைசியில் கோச் சிரித்தார். "ஏனுங் தம்பி, அந்தத் தென்னையைக் கொஞ்சம் பாக்க மாட்டீங்களா?" மட்டைகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தன. எங்கள் ரேஞ்ச் வடக்கு பார்த்தது, காற்று இடப்பக்கமிருந்து. குழலின் உள்வரி குண்டை வலப்புறமாகச் சுழற்றுகிறது. அப்படிச் சுழல்கிற குண்டை இடதுகாற்று வலப்பக்கம் தள்ளுவதோடு கீழேயும் இறக்கும். வலதுகாற்று என்றால் நேர்மாறு, பத்து மணிப் பக்கம் ஏறும். விரல் பாவம், சும்மா திட்டு வாங்கியிருக்கிறது.

போட்டிகளில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் காற்றுக்கொடி நட்டிருப்பார்கள். நான் மில்லில் வேலை செய்கிற மச்சானிடம் கழிவு நூல் வாங்கி, அதே தூரங்களில் இரண்டு குச்சி நட்டுக் கட்டினேன். துணிக்கொடியை விடச் சின்னக் காற்றுக்கும் அது அசைகிறது. நூல் ஒரே கோணத்தில் நிற்கும்போது அந்தக் காற்றுக்கு ஈடாக சைட்டைத் திருப்பி வைப்பது, அந்தக் கோணம் திரும்ப வரும்போது மட்டும் சுடுவது. வராவிட்டால் ரைஃபிளை இறக்கிவிட்டு மூச்சு விடுவது. 60 குண்டுக்கு 50 நிமிடம் தருகிறார்கள், போதும். ஆனாலும் இறக்கிவைப்பதுதான் இதிலேயே கஷ்டம்.

ஆடிக்கு முன் 60 குண்டுக்கு 579 புள்ளியில் நின்றேன். போன ஞாயிறு 601.3. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 என்பதால் எடுக்கக்கூடிய உச்சம் 654. 48-ஆவது குண்டின்போது நூல் இரண்டும் தொங்கிப்போனது தெரிந்தது. தெரிந்தும் அழுத்திவிட்டேன். 8.1, பத்து மணிப் பக்கம்.